முதல் ஊசிக்கு முன்

பள்ளத்தூர்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முடக்குவாதத்துக்கு மாத்திரை போதவில்லை, இனி அடாலிமுமாப் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆச்சி யார் கையையும் பிடிக்காமல் பட்டாலைப் படி ஏறியது அந்த ஊசியால்தான். ஆனால் முதல் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள். ஆச்சிக்கு அதை யாரும் செய்யவில்லை.

நம் நாட்டில் பலர் உடம்பில் அந்தக் கிருமி நோயாக மாறாமலே உறங்குகிறது. எதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றி மதில் எழுப்பி அடைத்து வைத்திருக்கின்றன. மதில் நிற்க டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும். மூட்டுகளை வீங்க வைப்பதும் அதே புரதம்தான். ஊசி அதை அடக்கினால் வலி குறையும், மதிலும் தளரும். இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நோய் வந்தது நுரையீரலுக்கு வெளியே.

ஆச்சிக்கும் இருமலே இல்லை. பொழுது சாய்ந்தால் காய்ச்சல். முகப்பில் உட்கார்ந்தபடியே போர்வை கேட்பார். ஆசையாகச் சாப்பிடும் கும்மாயத்தைக்கூட விரலால் தொட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் அதிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துக் காசநோய் என்றார்கள்.

சிகிச்சையிலும் சிக்கல். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், ஆச்சி சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் டாக்டர் ஸ்டீராய்டின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. ஊசியை நிறுத்திய சில வாரங்களில் கட்டி குறையாமல் பெருத்தது; வீடே கலங்கிவிட்டது. அடங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி மீண்டு வந்து கிருமியோடு மல்லுக்கட்டும்போது அப்படியும் வீங்குமாம். இப்போது வற்றிவிட்டது.

நீ மார்பு எக்ஸ்ரேயோடு தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்துகொள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமி இருந்தும் தோல் பரிசோதனையில் கையில் தடிப்பு வராமல் போகலாம். சிறுவயதில் உங்கள் வளவில் இருமிக்கொண்டே கிடந்த பெரியப்பச்சியைப் பற்றியும் டாக்டரிடம் சொல். உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் தடுப்பு மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டு, ஊசியைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். அந்தத் தாமதத்துக்குப் பதறாதே.

பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்கு வரும்போது எக்ஸ்ரேயையும் சீட்டுகளையும் கையோடு எடுத்து வா. ஆச்சி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
வள்ளியம்மை