பெட்டியைப் பிரித்து ஒற்றையாகச் சிகரெட் விற்பது குறித்துச் சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ 34 இலட்சம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவே. புற்றுநோய் மருத்துவரான தபாரே வாஸ்கெஸ் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், அந்நாடு சிகரெட் பெட்டியின் 80 விழுக்காட்டுப் பரப்பைப் படத்துடன் கூடிய உடல்நல எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. அதற்காகப் பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் 2010இல் அந்நாட்டைப் பன்னாட்டு நடுவர் மன்றத்திற்கு இழுத்தது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது, வழக்குச் செலவுக்காக அந்நாட்டிற்கு நிறுவனம் 70 இலட்சம் டாலர் தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஒரு படத்தைப் பெட்டியிலிருந்து அகற்ற இத்தனை பாடுபட்டார்கள் என்றால், அந்தப் படம் வேலை செய்கிறது என்பது அவர்களுக்கே தெரியும்.

நம் நாட்டில் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 85 விழுக்காட்டு எச்சரிக்கையும் நீதிமன்றப் படி ஏறியது. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை நீக்கிய சில வாரங்களிலேயே, 2018 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததால்தான் அது நிலைத்தது.

இவ்வளவு போராடிக் காத்த எச்சரிக்கை, சேலம் புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் ஏற்காடு ஏரிக்கரையிலும் உள்ள பெட்டிக்கடைகளில் பயனற்றுப் போகிறது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து ஒற்றைச் சிகரெட்டை எடுத்து நீட்டுகிறார். வாங்கும் பையன் பெட்டியைக் கையில் தொடுவதே இல்லை. முழுப் பெட்டி வாங்கப் பணமில்லாத வயதில் பழக்கம் தொடங்குவதற்கு இந்தச் சில்லறை விற்பனையைவிட வசதியான வழி வேறில்லை. பெற்றோரைப் பிரிந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த ஏற்காட்டில் இது எனக்குப் பெருங்கவலையாக இருக்கிறது.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். அதுவும் அன்றாடம் பிழைக்கும் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. சரக்கை அனுப்புகிறவரும் விளம்பரப் பலகையை மாட்டித் தருகிறவரும் விசாரணைக்குள் வருவதே அரிது. ஆகவே அச்சட்டத்தின் புகையிலை விளம்பரத் தடையை மீறும் பலகை எங்கே கிடைத்தாலும், அதைக் கொடுத்த விநியோகஸ்தர் யார் என்று கேட்டு, அவர்மீதும் வழக்குப் பதியுமாறு அலுவலர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றைச் சிகரெட், பீடி விற்பனையைத் தடை செய்தது. அத்தகைய தடை தமிழ்நாடு முழுமைக்கும் வேண்டும் என்று மாவட்டத்தின் சார்பில் அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள்.

இந்தியா 2004இல் ஏற்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கையில் புகையிலைத் தொழிலின் தலையீட்டைத் தடுக்கச் சொல்கிறது. பள்ளிக்குக் கழிப்பறை, பூங்காவுக்கு இருக்கை, கோடை விழாவுக்கு நன்கொடை என்று எந்த வடிவில் அவர்களுடைய பணம் வந்தாலும் மாவட்ட நிர்வாகம் பெறாது என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிகள் திறப்பதற்குள் இவ்வறிவிப்பு வெளிவருமானால், பெற்றோராகிய நாங்கள் அதன் படியை ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்வோம்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் வசிக்கும் ஒரு தாய்