மடைப்பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை: அடுப்பும் விறகுக் கொட்டிலும்

அம்பாளின் அடியார்களுக்கும் ஆலயப் பொதுச்சபை அங்கத்தவர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தை மாதப் பொதுச்சபையில் தீர்மானித்த மடைப்பள்ளித் திருப்பணி புரட்டாதி இறுதியில் நிறைவுற்றது. பழைய அடுப்புகள் இடிக்கப்பட்டு, காற்றுத் துளையும் இரும்புத் தட்டியும் புகைபோக்கியும் கொண்ட நான்கு அடுப்புகள் கட்டப்பட்டன. கூரை மாற்றப்பட்டது, நிலம் சீமெந்திடப்பட்டது, வடிகால் வெட்டப்பட்டது. இவை குறித்து எவரும் முறையிடவில்லை. முறைப்பாடெல்லாம் விறகைப் பற்றியதே என்பதால் இவ்வறிக்கையும் பெரும்பாலும் விறகைப் பற்றியதாகவே அமைகின்றது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் காட்டிலிருந்து வந்த பாலை, வீரை விறகை ஏன் நிறுத்தினீர்கள் என்பது முதற் கேள்வி. எந்த மரமும் மீண்டும் முளைக்கும்தானே, விறகு முழுவதுமே புதுப்பிக்கத்தக்க எரிபொருள்தானே என்று மூத்த அங்கத்தவர் ஒருவர் கேட்டார். முளைக்கும், ஆனால் குளிர்த்திச் சடங்கு நாளில் ஓர் இரவு எரிகின்ற பாலைக் குற்றி அந்தப் பருமனுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றிருக்கும். அதற்குப் பதிலாக நாம் எடுத்த கிளிசரியா என்னும் சீமைக்கிளுவையோ கதியாலாக ஊன்றிய வேலியிலிருந்தே எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வெட்டத் துளிர்ப்பது. அதன் இலை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும். தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு அதனை 2005இல் அறிவித்தமையையும் நினைவூட்டுகின்றோம்.

இவ்விடத்தில் பொறியியல் பயிலும் நம்மூர் மாணவர் ஒருவரின் ஆட்சேபத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. ஒரே அளவு வெப்பத்துக்கு விறகு வெளிவிடும் காபனீரொட்சைட்டு எரிவாயுவைவிட மிகுதி என்றும், ஒரு கிகாயூலுக்கு விறகு ஏறத்தாழ 112 கிலோவும் சமையல் எரிவாயு 63 கிலோவும் வெளிவிடுகின்றன என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அது சரியே. இங்கிலாந்தின் யோக்சயரிலுள்ள டிராக்ஸ் மின்நிலையம் நிலக்கரியை விட்டு, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மரக்குறுணைகளை எரிப்பதையும், எரிப்பதற்கென்றே மரம் வெட்டுவதை எதிர்த்து ஏறத்தாழ 800 விஞ்ஞானிகள் 2018இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கடிதம் எழுதியதையும் அவரே சொன்னார். நமது முடிவுக்கு இது எதிரானதன்று. புகைபோக்கியால் போன காபனீரொட்சைட்டை அடுத்த வெட்டுக்குள் அதே வேலி வளர்ந்து திரும்பப் பிடித்துக்கொள்ளுமாயின் கணக்கு நேராகும். காட்டு மரமாயின் அந்தக் கடன் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். முழுவதும் எரிவாயுவுக்கு மாறாததற்கு 2022இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் வெற்றுச் சிலிண்டருடன் நாம் நின்ற வரிசையே போதிய காரணம். உமியையும் முயன்றோம், சாம்பல் அள்ளியே சமையற்காரர்கள் களைத்தார்கள்.

இனி, நாம் விற்றுவிட்டதாகச் சொல்லப்பட்டு எம்மைத் திருடர்களாக்கிய 3,000 கிலோ விறகு.

வைகாசிச் சடங்குக்கு அன்றன்று வெட்டிய பச்சை விறகையே எரித்தோம். மடைப்பள்ளி புகையால் நிறைந்து, சமைத்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அது எமது தவறு. அதன் பின்னரே மதிப்பீட்டில் இல்லாத உலர்த்தற் கொட்டிலைக் கட்டத் தீர்மானித்தோம். ஆனி மாதத்தில் 8,000 கிலோ பச்சை விறகு நிறுத்து வாங்கிப் பிளந்து அடுக்கப்பட்டது. ஆடி இறுதியில் இருப்பு 5,000 கிலோவாக இருந்தது. ஆவணிப் பொதுச்சபையில் எழுந்த சொற்களை இங்கு எழுதுவது அழகன்று. பச்சை விறகில் ஏறத்தாழப் பாதி நீர். அந்த 8,000 கிலோவில் விறகு 4,000 கிலோ மட்டுமே. நீர் மொத்த எடையில் ஐந்திலொரு பங்காகக் குறையும்வரை உலர்ந்தால் மொத்தம் 5,000 கிலோவில் வந்து நிற்கும். மீதியைத் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் கொண்டுபோனது. வெப்பம் குறையவுமில்லை. பச்சை விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 8 மெகாயூலும், உலர்ந்தது 14 மெகாயூலும் தருவதால், 5,000 கிலோ உலர்விறகு அந்த 8,000 கிலோவைவிடச் சற்று மிகுதியாகவே எரியும். பணம் கொடுத்து நீர் வாங்கினோம் என்றால் ஒப்புக்கொள்கின்றோம். விற்றுவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம். சந்தேகம் எழுப்பியவர்களே அடையாளமிட்டுக் கட்டிய பத்துக் கட்டுகள் பச்சையில் 200 கிலோ இருந்தன; புரட்டாதி முடிவில் அவர்கள் முன்னிலையிலேயே நிறுத்தபோது 126 கிலோ.

கொட்டில் ஒப்பந்தகாரருடனான பிணக்கும் இதனைச் சார்ந்ததே. அவர் மாரி மழைக்கு அஞ்சி நான்கு புறமும் சுவர் எழுப்பிவிட்டார். வாடை அடிக்கும் வடக்கும் கிழக்கும் அடைத்து, கச்சான் வரும் மேற்கையும் தெற்கையும் திறந்துவிடுமாறு செயலாளர் இருமுறை வாயால் சொல்லியிருந்தார். அவரோ ஒருமுறையும் கேட்கவில்லை என்கின்றார். எழுத்தில் கொடுக்காதது எமது பிழை என்பதால், இரண்டு சுவர்களுக்கான 60,000 ரூபாவையும் அவற்றை இடித்த கூலி 30,000 ரூபாவையும் நாமே செலுத்தினோம். கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஐயா தலையிட்டிராவிட்டால் அவ்விடயம் பொலிஸ் நிலையம்வரை போயிருக்கும்.

மதிப்பீடு 14,00,000 ரூபா. செலவு 17,80,000 ரூபா. மேலதிகமான 3,80,000 ரூபாவில் கொட்டிலுக்கு 2,90,000, மேற்படி சுவர்களுக்கு 90,000. நன்கொடை 16,25,000 ரூபா. மீதி 1,55,000 கோயில் வயற் குத்தகையிலிருந்து எடுக்கப்பட்டது. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம்மூர்க் குடும்பத்தார், புகைபோக்கி முழுவதையும் ஏற்ற ஆலைக்காரர், கூரைத்தகடு தந்த ஓய்வுபெற்ற அதிபர், சீமெந்து தந்த கடைக்காரர், கூலி வாங்காது வேலை செய்த ஓடாவியார், தம் வேலியை முதலில் வெட்டத் தந்த மேற்கு வீதியார், ஒரு மாதச் சீட்டுப்பணத்தை அப்படியே கொடுத்த மாதர் சங்கத்தார், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் ஆகிய யாவரும் நன்றிக்குரியோர். பெயர்கள் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. விடுபட்டவர்கள் சண்டைக்கு வராது செயலாளரிடம் வரவும்.

ஆலையில் இரவல் வாங்கிய தராசு இன்னும் கொட்டிலிலேயே உள்ளது. கார்த்திகை முதலாம் திகதி அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் எவரும் வந்து நிறுத்துப் பார்க்கலாம்.