அந்த 34 சதவீதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தையொட்டி வந்த கட்டுரை, 1956இல் தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் இருபதாயிரம் பெண்கள் திரண்டதை நன்றாக நினைவூட்டியது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லிலியன் இங்கோயி, ஆடைத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். எங்களை உறுத்தியது கடைசிப் பத்தி. பெண் தொழிலாளருக்கு வேண்டிய சட்டமெல்லாம் வந்துவிட்டதாம். வந்தது உண்மைதான். ஆனால் சங்கம் நிர்வாகத்தோடு போடும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்காதவரை அதில் பாதி ஏட்டுச் சுரைக்காய்.

மகப்பேறு விடுப்பையே பாருங்கள். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் நான்கு மாத விடுப்பு தருகிறது. சம்பளம் தரும்படி முதலாளியிடம் சொல்லவில்லை. பணம் யூ.ஐ.எஃப். எனும் வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வரவேண்டும், அதுவும் 66 சதவீதம்தான். மாதம் 6,000 ராண்ட் வாங்கும் தையல் தொழிலாளிக்கு 3,960 கிடைக்கும். மாதாமாதம் 2,040 துண்டு விழும். நான்கு மாதத்துக்கு 8,160. இந்தத் துண்டை முதலாளி ஈடுகட்டினால், இரண்டும் சேர்ந்து முழுச் சம்பளத்தைத் தாண்டாதவரை, யூ.ஐ.எஃப். பணம் குறையாது. ஆகவே 'முழுச் சம்பளத்தோடு விடுப்பு' என்று மொட்டையாகக் கேட்காமல், அந்த 34 சதவீதத்தைக் கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேர் விடுப்பில் போகிறார்கள் என்று பெருக்கிக் காட்டினால் நிர்வாகத்துக்கு மறுக்க வாய் வராது.

அந்த 66 சதவீதமும் இழுத்தடித்து வருவதற்குக் காரணங்கள் உண்டு. சம்பளச் சீட்டில் ஒரு சதவீதம் பிடித்துவிட்டு நிதியில் கட்டாமல் விட்டிருப்பார்கள். அல்லது ஊழியர் விவரத்தை அனுப்பியிருக்க மாட்டார்கள். அல்லது விடுப்பு தொடங்கிய தேதி ஒரு படிவத்தில் ஒன்றாகவும் மற்றதில் வேறாகவும் இருக்கும். கைக்குழந்தையோடு வரிசையில் நிற்கும்போது இது தெரிந்து என்ன பயன்? கர்ப்பம் என்று தெரிந்ததுமே ஷாப் ஸ்டூவர்ட் (தொழிற்சாலையில் சங்கத்தின் பிரதிநிதி) சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து, பதிவைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். விடுப்புக்கு நான்கு வாரம் முன்பு எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்க வேண்டும். யூ.ஐ.எஃப். விண்ணப்பத்துக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து 12 மாதம் கெடு.

2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்பால், இருவரும் வேலையில் இருக்கும் பெற்றோர் நான்கு மாதமும் பத்து நாளும் கொண்ட விடுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். பழைய ஒப்பந்தங்களை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

தாய்ப்பால் விஷயம் இன்னும் வேடிக்கை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தினம் இரு முறை, முறைக்கு 30 நிமிடம் இடைவேளை தரச் சொல்வது 1998இன் நடைமுறை வழிகாட்டிதான், சட்டமல்ல. அதை ஒப்பந்தத்தில் சேர்த்தால்தான் பிடிப்பு. சேர்க்கும்போது தாழ்ப்பாள் உள்ள அறை, தண்ணீர், ஃப்ரிட்ஜ் என்று விவரமாக எழுதுங்கள். முக்கியமாக, நாளுக்கு இத்தனை தைக்க வேண்டும் என்ற பீஸ் இலக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு 450 பீஸ் என்றால் அவருக்கு 400. இலக்கு குறையாத இடத்தில் யாரும் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

இரவு ஷிப்டுக்குப் போக்குவரத்து இருக்க வேண்டும் என்கிறது சட்டம். யார் செலவில் என்று சொல்லவில்லை. நள்ளிரவில் எங்கள் சாட்ஸ்வொர்த் உள் தெருக்களுக்கு எந்த டாக்சி வரும்? வீட்டு வாசல்வரை, நிர்வாகச் செலவில் என்று எழுதி வாங்க வேண்டும்.

பாலியல் தொல்லைப் புகாரில் சங்கமே சறுக்குவதுண்டு. புகார் சொல்பவரும் உறுப்பினர், சாட்டப்பட்டவரும் உறுப்பினர். ஒரே ஸ்டூவர்ட் இருவருக்கும் துணை நின்றால் வழக்கு கெட்டது. இருவருக்கும் தனித்தனி ஆள் என்று சங்க விதியிலேயே இருக்கட்டும். புகாரை உடனே எழுத்தில், தேதியோடு நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். தெரிந்தும் வாளாவிருந்தால் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு முதலாளியையே பொறுப்பாக்கும். தீராவிட்டால் சி.சி.எம்.ஏ. எனும் தொழில் தகராறு சமரச ஆணையத்துக்குப் போக ஆறு மாதம் கெடு. ஆனால் கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கினால் 30 நாள்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

இதையெல்லாம் மேசையில் பேசப்போவது யார்? 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்ததில் முன்னின்றவர்கள் தமிழ்ப் பெண்கள். இன்றோ பெண்கள் நிறைந்த தொழிற்சாலையிலும் ஸ்டூவர்ட்கள் ஆண்களாக இருக்கக் காண்கிறோம். பெரும்பான்மைச் சங்கத்துக்கு 200 உறுப்பினர் இருந்தால் தொழிலாளர் உறவுச் சட்டப்படி ஐந்து ஸ்டூவர்ட். அந்த உறுப்பினர்களில் 150 பேர் பெண்களானால் ஐந்தில் மூவராவது பெண்கள் என்று சங்க விதியில் சேர்க்கலாம். அதோடு கூட்டத்தை ஷிப்ட் முடிந்த பிறகு வைக்காதீர்கள். வேலை நேரத்துக்கு வெளியே தொழிற்சாலைக்குள்ளேயே கூட்டம் நடத்தச் சங்கத்துக்கு உரிமை உண்டு. மதியச் சாப்பாட்டு நேரமும் அதில் சேரும். ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால், டாக்சி பிடிக்க ஓடியவர்கள் போக மிஞ்சியவர்களே கை தூக்குவார்கள்.

இப்படிக்கு,
தொழிற்சங்க ஊழியர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.