பங்கோட பி.ஈ. 4ன்னு அனுப்புனியே, அதப் பத்தி

கண்ணு,

நேத்து ராத்திரி நீ அனுப்புன ஸ்க்ரீன்ஷாட் பாத்தேன், "அப்பா பி.ஈ. வெறும் 4, ஸ்டீல் கம்பெனி, பணத்தப் போட்டுரட்டுமா"ன்னு. ஃபோன்ல சொன்னா ம் ம்னு சொல்லிட்டே லேப்டாப்பப் பாப்ப, அதான் எழுதறேன்.

பங்கு விலைய ஒரு பங்குக்கு வர்ற லாபத்தால வகுக்கறதுதான் பி.ஈ., அது உனக்கே தெரியும். ஆனா விலைங்கறது இனிமே என்ன ஆகும்னு ஜனங்க போடற கணக்கு, லாபம் போன வருஷமே முடிஞ்சு போன கதை.

நம்ம பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு விக்கற புரோக்கர் எப்ப வருவான்? காய் நல்ல விலைக்குப் போன வருஷம் பாத்துதான் வருவான், "நாலே வருஷத்துல போட்ட காச எடுத்துரலாமுங்க"ம்பான். அந்த வருஷத்துக்கு அது நெசம்தான், அடுத்த வருஷம் காய் பாதி விலைக்குப் போச்சுன்னா நாலு எட்டாயிரும். பி.ஈ. 4ங்கறதும் இதே கதைதான். டாடா ஸ்டீல் 2021-22ல 41,000 கோடிக்கு மேல லாபம், அப்ப பி.ஈ. 4 பக்கம்தான். அடுத்த வருஷம் லாபம் 8,000 கோடி சொச்சம், அதுக்கடுத்த வருஷம் நஷ்டம், நஷ்டம்னா பி.ஈ.யே கிடையாது. ஸ்டீல், சர்க்கரை மாதிரி ஏறி எறங்கற தொழில்ல பி.ஈ. ரொம்பக் கம்மியா தெரியறப்பத்தான் எனக்கு பயமே.

இன்னொண்ணு நேர் எதிர். 2000 மார்ச்ல இன்ஃபோசிஸ் ஒரு பங்கு பத்தாயிரத்தத் தாண்டிருச்சு, பி.ஈ. 200க்கு மேல, பேங்க்ல டீ டைம்ல வேற பேச்சே இல்ல. அந்த வருஷ லாபம் 293 கோடி. 2002-03ல 950 கோடிக்கு மேல, மூணு மடங்குக்கு மேல ஆச்சு, ஆனா 2003 ஏப்ரல்ல ஒரே நாள்ல விலை கால்வாசி விழுந்து மூவாயிரம் பக்கம் நின்னுச்சு. கம்பெனி கெட்டுப்போகல, 200ஆ இருந்த பி.ஈ. 20 ஆச்சு, அவ்ளோதான். (நான் வாங்குனது வேற கம்பெனி, பேர் வேணாம், உங்கம்மா காதுல விழுந்துரும்.)

அதனால இன்னைக்கு பி.ஈ. என்னன்னு கேக்காத. ஒரு நோட்டுல பத்து வருஷ இ.பி.எஸ். (ஒரு பங்குக்கு வந்த லாபம்) ஒரு பக்கம், விலை ஒரு பக்கம் எழுது, எது ஏறி எது எறங்கி பி.ஈ. மாறுச்சுன்னு தெரியும். எடம் வித்த காசு மாதிரி ஒரு தடவ மட்டும் வந்தது லாபத்துல கலந்திருந்தா கழிச்சுரு. கணக்கு முறையையே மாத்திருக்காங்களான்னும் பாரு, 2021 மார்ச் கடைசில நிஃப்டிக்கு (அம்பது பெரிய கம்பெனி சேந்த குறியீடு) துணைக் கம்பெனி லாபத்தையும் சேத்துப் போட ஆரம்பிச்சாங்க, 40ல இருந்த பி.ஈ. 33க்கு வந்துச்சு, சார்ட்ல பாத்தா என்னமோ மார்க்கெட்டே விழுந்த மாதிரி இருக்கும்.

எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ஞாயித்துக்கிழம பாப்போம். அந்தப் பணம் ஸ்கூட்டிக்கு வெச்சிருந்ததான்னு அம்மா கேக்கறா, நான் இன்னும் பதில் சொல்லல.

அப்பா