குழிக்குள் தனியாக இறங்காதே

அன்புள்ள தேனுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வீட்டு நீச்சல் குளத்துக்கு நீ வெட்டிய குழி நேர்த்தியாக இருக்கிறது. வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் தள்ளிக் கொட்டியிருக்கிறாய். பொதுப்பணித் துறையில் எத்தனையோ பேருக்கு நான் சொல்லிச் சொல்லியும் படியாத பழக்கம் அது. வெட்டுவதற்கு முன்பே கேபிள், குழாய் எங்கெங்கே போகிறது என்று வரைபடம் வாங்கிப் பார்த்திருக்கிறாய். என் பெண் செய்த வேலை என்று எதிர்வீட்டு சாரிடம்கூடக் காட்டினேன்.

மட்டம் எப்படிப் பார்த்தாய் என்று கேட்டதற்கு, லேசர் கருவி இருக்கிறது, ஒரே ஆள் போதும் என்று எழுதியிருக்கிறாய். சரி. எங்களுக்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம்தான், இரண்டு முனைக்கும் ஆள் வேண்டும். கருவி வந்தது நல்லதுதான். அதற்காக எல்லாவற்றையும் ஒருத்தியாகவே செய்ய வேண்டும் என்றில்லை. மாப்பிள்ளைக்கு ஆபீஸில் வேலை அதிகமோ என்னவோ, ஒரு படத்திலும் காணோம். படம் எடுத்தது அவராக இருக்கும் என்கிறாள் அம்மா. தரையில் விழுந்திருக்கிற நிழல் உன்னுடையது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

குழிக்குள் தனியாக இறங்காதே. ஒன்றரை மீட்டர் ஆழம் என்பது பார்வைக்குச் சாதாரணம். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மழை பெய்து ஊறிய ஓரம் சொல்லிவிட்டுச் சரியாது. மேலே ஒரு ஆள் நின்றுகொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரானாலும் சரி.

அடுத்தது தண்ணீர். நீ எழுதியபடி, குழிக்குள் இறக்கப் போகிற குளத் தொட்டி 7 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. தொட்டியின் அடி சமமாக இருப்பதாக வைத்துக் கணக்குப் போடு: 21 சதுர மீட்டர் அடிக்கு மேல் நிலத்தடித் தண்ணீர் 10 செ.மீ. ஏறினாலே இரண்டு டன் மேல்நோக்கித் தூக்கும். உள்ளே தண்ணீர் இல்லாத தொட்டி எழும்பிவிடும். ஐப்பசியில் நம் ரைஸ்மில் செப்டிக் டேங்க் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும், அது கான்கிரீட். உன்னுடையது ஃபைபர். பிரிஸ்பேனில் 2022 பிப்ரவரி வெள்ளத்தில் உன் தெருமுனை வரை தண்ணீர் வந்ததை நீதானே வீடியோவில் காட்டினாய். அதனால் தொட்டியை இறக்கிய அன்றே தண்ணீர் விட ஆரம்பித்துவிடு. ஆழமான பக்கத்து மூலையில், தொட்டிக்கு வெளியே, அடியில் துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிலும் ஜல்லி போடு. மழைக்காலத்தில் அதற்குள் குச்சி விட்டுப் பார்த்தால் நிலத்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். வேண்டுமானால் மோட்டார் வைத்து இறைக்கலாம். பிற்பாடு சுத்தம் செய்கிறேன் என்று தொட்டியை முழுக்கக் காலி செய்யாதே. என்றைக்கும் செய்யாதே.

தொட்டியைச் சுற்றி ஜல்லி நிரப்பும்போது உள்ளே 30 செ.மீ. தண்ணீர், வெளியே 30 செ.மீ. ஜல்லி, நான்கு பக்கமும் சேர்ந்தாற்போல் ஏற வேண்டும். வெளியே முந்தினால் சுவர் உள்ளே பிதுங்கும், உள்ளே முந்தினால் வெளியே உப்பும். இதை ஒருத்தி சுற்றிச் சுற்றிச் செய்ய முடியாது. ஒருவர் தண்ணீரைப் பார்க்க வேண்டும், ஒருவர் ஜல்லி தள்ள வேண்டும், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வயரிங் மட்டும் உன் கை படவே வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது.

பணம் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறாய். ஆள் வைத்துச் செய்திருக்கலாம், என்னிடம் கேட்டிருக்கலாம். வங்கியில் போட்டு வைத்திருப்பது வேறு யாருக்கு? படிக்கும் காலத்திலிருந்தே நீ கேட்டு வாங்கியதில்லை. வீட்டில் சொல்லாமலே ஒன்றைத் தாங்கிக்கொண்டு நடப்பாய், நாங்கள் கடைசியில் தெரிந்துகொள்வோம். அது எனக்குப் பிடித்த குணமில்லை.

வேலியைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. உங்கள் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலி வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறந்து தானாகச் சாத்தித் தாழ் விழ வேண்டும், பிள்ளை ஏறுவதற்கு வாகாக நாற்காலி, பூந்தொட்டி எதுவும் 90 செ.மீ. தூரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் நீ படித்திருப்பாய். நான் கேட்பது இன்றைக்கு. தொட்டி வரும் வரை அது வெறும் குழி என்று நினைக்காதே. ஒரு ராத்திரி மழை போதும். அங்கே 30 செ.மீ. ஆழமாவது தண்ணீர் நிற்கக்கூடிய குளமாக இருந்தால்தான் சட்டம் வேலி கேட்கிறது, மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் கால்வாசித் தண்ணீரே ஆபத்து. தண்ணீரில் விழுந்த குழந்தை பெரும்பாலும் கத்தாது. சின்ன அத்தை வீட்டு விஷயம் உனக்குத் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. வாடகைக்குத் தற்காலிக வேலி கிடைக்கும். நாளைக்கே வாங்கி நிறுத்து.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, நன்றாகத் தெரிகிறது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

கிரேன் வரும் தேதியை எழுது. தொட்டி அந்தரத்தில் வரும்போது அடியில் யாரும் நிற்கக் கூடாது, கயிறு பிடிப்பவர்கள் தள்ளி நின்று பிடிக்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் எழுது. யார் யார் என்று எழுத வேண்டாம்.

வீட்டில் எது எப்படி இருந்தாலும் நீ எங்களுக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லை. குளத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றும் பிடிவாதம் வேண்டாம், தண்ணீர் நிரப்பி வேலி பூட்டிவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும். மாடி அறைக்கு வெள்ளை அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டுவிட்டேன். நீயும் பேரனும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். டிசம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடும், அதற்கு முன்னால் சொல். பணம் நான் போடுகிறேன்.

அப்பா