அந்தச் சிலைக்கு ஒரு சிற்பி இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கேரளத்தில், பாலக்காட்டுக்கு அருகிலுள்ள மலம்புழா அணையைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. கோவையிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு, கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, மீன் வறுவல் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதுவரை விசாரித்து எழுதிய உங்கள் செய்தியாளர், அங்குள்ள யட்சி சிலையைப் பற்றி எழுதியது ஒரே வரி. "தோட்டத்தில் பெரிய பெண் சிலை ஒன்றும் உள்ளது, குழந்தைகளுடன் செல்வோர் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம்."

மீன் கடைக்காரரின் பெயர் கட்டுரையில் இருக்கிறது. சிலையைச் செய்தவரின் பெயரைத் தேடி மூன்று முறை படித்தேன், கிடைக்கவில்லை.

ஆடையின்றி அமர்ந்திருக்கும் அந்தப் பெண் யட்சி என்பதும், செய்தவர் கானாயி குஞ்ஞிராமன் என்பதும், ஆண்டு 1969 என்பதும், உயரம் 30 அடி என்பதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. காசர்கோடு பக்கத்திலிருந்து வந்து நம் சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர் அவர். பிறகு லண்டனில் ஸ்லேடு கலைப் பள்ளிக்குப் போனார். சென்னையில் களிமண் பிசைந்து பழகிய கைகள் பாலக்காட்டு மலையடிவாரத்தில் எழுப்பிய உருவத்தை, சென்னையில் அச்சாகும் ஒரு பத்திரிகை 'பெண் சிலை' என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறது. இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நான் முதலில் யட்சியைப் பார்த்தது 1974-இல். எனக்குப் பதினொரு வயது. என் அப்பா கொத்தனார். சித்தப்பா குடும்பம், நாங்கள் என்று இரண்டு வீட்டாரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். சிலையைக் கண்டதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளை இழுத்துப் போய்விட்டார். அப்பா மட்டும் என் கையை விடவில்லை. அவர் கண் போனதெல்லாம் வேலையின் மேல். "உள்ளே எத்தனை கம்பி கட்டியிருப்பார்கள், சாரம் எத்தனை அடுக்குப் போட்டிருப்பார்கள், தூக்கிய கை இரண்டும் கீழே இறங்காமல் எப்படி நிற்கின்றன பார்" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "மலை எழுந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது" என்றார். நான் பிற்பாடு ஓவிய ஆசிரியர் ஆனதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அப்பா சொன்னது சரிதான் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. முப்பது அடி உருவத்தை மனித உடம்பின் அளவுகளை அப்படியே பெருக்கிச் செய்தால், கீழே நின்று பார்க்கிறவனுக்குத் தலை சிறுத்து முழங்கால் மட்டுமே தெரியும். கோபுரத்தில் சுதை வேலை செய்கிற ஸ்தபதிகளுக்கு இது தெரியும். மேலே போகப் போக முகத்தைப் பெரிதாக்கி முன்னால் சாய்ப்பார்கள். யட்சியைச் செய்தவருக்கும் இந்தச் சிக்கல் இருந்திருக்கும். ஆனால் கோபுரத்துப் பொம்மைக்குப் பின்னால் கோபுரம் இருக்கிறது. இவளுக்குப் பின்புலம் மேற்குத் தொடர்ச்சி மலை. கால்களை அகட்டி அமர்ந்து, கூந்தலைக் கோதி, முகத்தை வானத்துக்குத் திருப்பியிருக்கும் அந்த உடம்பின் தோளும் முழங்காலும் எந்தக் கோட்டில் முடிகின்றனவோ அந்தக் கோட்டில் மலை தொடங்குகிறது. இதே உருவத்தை நகரத்து ரவுண்டானா ஒன்றில் கொண்டுபோய் வைத்தால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடும்.

குழந்தைகள் பார்க்கக் கூடாது என்று எந்த உரிமையில் எழுதினீர்கள் என்று கேட்க விரும்புகிறேன். கேரளத்து யட்சி பாலை மரத்திலும் பனையிலும் குடியிருப்பவள், ஆண்களை மயக்கி ரத்தம் குடிப்பவள் என்பது பழைய கதை. அந்தப் பயத்தைக் களைந்துவிட்டு அவளை வெயிலில், மலையோரத்தில் உட்கார வைத்தார் குஞ்ஞிராமன். அன்றைக்கே எதிர்ப்பு வந்தது, அவர் நிறுத்தவில்லை. நம் நாஞ்சில் நாட்டு இசக்கியம்மனும் இந்த யட்சிதான். அங்கே பெண்கள் பிள்ளை வரம் கேட்டு அவள் முன்னால் தொட்டில் கட்டுகிறார்கள். அங்கெல்லாம் குழந்தைகளைத் தவிர்க்கும்படி இதுவரை யாரும் எழுதியதில்லை.

1993-இல் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து மலம்புழாவுக்குச் சுற்றுலா போனோம். தொங்கு பாலமும் பூந்தோட்டமும் போதும், 'அந்தப் பக்கம்' போகக் கூடாது என்று தலைமையாசிரியர் பஸ்ஸிலேயே அறிவித்துவிட்டார். ஓவிய வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரை நான் அழைத்துப் போனேன். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பாகத்தான் இருந்தது. தாளைக் கொடுத்து உட்கார வைத்தபின் சிரிப்பு அடங்கியது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்காலையும் மலையையும் பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் வரைந்து கொடுத்தான். திரும்பி வந்ததும் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. உங்கள் செய்தியாளரின் வரியைப் படித்தபோது அந்த மெமோவை மறுபடியும் கையில் வாங்கியது போல இருந்தது.

மன வருத்தத்தோடு இன்னும் சிலவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மே தினத்துக்கும் மெரினாவின் உழைப்பாளர் சிலை உங்கள் முதல் பக்கத்தில் வருகிறது. மாலை போட்டவர்கள் பெயர் இடமிருந்து வலமாக அச்சாகிறது. 1959-இல் அங்கே நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி; அவர் பெயரை நான் எந்த மே தினத்திலும் உங்கள் பத்திரிகையில் படித்ததில்லை. கேரளத்துச் சடையமங்கலத்தில் உள்ள ஜடாயு சிற்பத்தைப் பற்றி எழுதினீர்கள். 200 அடி நீளம், 150 அடி அகலம், 70 அடி உயரம் என்று அளவெல்லாம் சரியாக இருந்தது. பாறை உச்சியில் அந்தப் பறவையைச் சிறகொடிந்து கிடக்க வைத்த ராஜீவ் அஞ்சலின் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. அப்போதும் கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை, அதற்காக இதை எழுதவில்லை.

ஒரு பெயரை விட்டால் என்ன குறைந்துவிடும் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். அங்கே குஞ்ஞிராமன் செய்த சாகரகன்யகா என்கிற கடல்கன்னி 87 அடி நீளத்துக்கு மணலோரம் படுத்திருக்கிறாள். அலை ஒன்று கரையேறி உடம்பாகிவிட்டதோ என்று தோன்றும். அதைச் சுற்றியிருந்த மேடு பள்ளங்களும் வெட்டவெளியும் சிற்பத்தைச் சேர்ந்தவை. தரையையும் சேர்த்தே வடிக்கிறவர் அவர். 2020-இல் அதன் பக்கத்தில், விமானப் படை கழித்துவிட்ட ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து பார்வைக்கு வைத்தார்கள். சிற்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேரள அரசு 2022-இல் அவருக்கு கேரள ஸ்ரீ விருது அறிவித்தபோது, சங்குமுகத்திலும் வேளியிலும் பய்யாம்பலத்திலும் தம் சிற்பங்கள் சிதைக்கப்படுவதைச் சொல்லி அதை ஏற்க மறுத்துவிட்டார். எண்பத்தைந்து வயதில் ஒரு கலைஞர் எடுத்த முடிவு அது. உங்கள் பத்திரிகையில் அதற்கு நான்கு வரிகூட இல்லை.

சாகரகன்யகா, குஞ்ஞிராமன் செய்தது என்று சொல்லிப் பழகிய வாயால் அந்த இடத்தில் ஹெலிகாப்டரை இறக்கச் சொல்ல முடியாது. 'பெரிய பெண் சிலை' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அதன் பக்கத்தில் எதை வைத்தாலும் ஒன்றுதான். சாகரகன்யகாவுக்கு நேர்ந்தது யட்சிக்கும் நேரலாம். நாளை அவள் முதுகுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு ராட்டினமோ உணவு விடுதியோ எழும்பினால், உங்கள் வாசகர் எவரும் வருத்தப்படப் போவதில்லை. அந்த வருத்தத்தை அவர்களுக்கு ஏற்படுத்தியிருக்க வேண்டிய கட்டுரை சென்ற ஞாயிறு வந்துவிட்டுப் போய்விட்டது.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். நிறுத்துவேன் என்று மிரட்டப் போவதில்லை. அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் திருத்தமாக ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: 'மலம்புழாவில் உள்ள சிற்பத்தின் பெயர் யட்சி. சிற்பி கானாயி குஞ்ஞிராமன். ஆண்டு 1969.' குழந்தைகளைத் தவிர்க்கச் சொன்ன வரியைத் திரும்பப் பெறுவதாகவும் சேர்த்தால் நன்றியுடையவனாக இருப்பேன். பெயரில் இரண்டு 'ஞ' வரும். அச்சுப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டாம் வகுப்பு மாணவன் வரைந்த படத்தின் நகல் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை அச்சிட வேண்டாம். உங்கள் செய்தியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பொள்ளாச்சி