பறவை பார்க்கப் போவது பற்றியும், உள்ளான் வலை பற்றியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறோம். காலை 6 மணிக்குப் பள்ளி வாசலில் வண்டி நிற்கும். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவோம். பிள்ளைகள் எல்லாம் பூநாரை, பூநாரை என்று குதிக்கிறார்கள். பூநாரையைக் காட்ட ஆசிரியர் எதற்கு? அது எவ்வளவு தூரத்திலும் தெரியும். நாங்கள் காட்ட நினைப்பது சேற்றோரத்தில் ஓடித் திரியும் சாம்பல் நிறப் பொடிப் பறவைகளை, அதாவது உள்ளான்களை.

அந்த இனத்தில் கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒன்று உண்டு. கிட்டத்தட்டச் சிட்டுக்குருவி அளவுதான். எடை சுமார் 30 கிராம். அலகின் நுனி மட்டும் சப்பையாக அகன்றிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் கொசு உள்ளான் என்ற இன்னொரு வகை என்றே நினைப்போம். நம் பக்கம் முகத்தைத் திருப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுக்கோத்கா கடலோரத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பிறகு சுமார் 8,000 கிலோமீட்டர் பறந்து மியான்மர், வங்கதேசம், தாய்லாந்துப் பக்கம் வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1980களில் நம் கோடியக்கரையிலும் இதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன. அதனால் சனிக்கிழமை பார்த்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டவில்லை.

இது குறைந்துபோனதற்கு ஒரு காரணம், வழியில் இறங்கி இரை தின்னும் மஞ்சள் கடல் சேற்றுவெளிகளைச் சீனாவிலும் கொரியாவிலும் தூர்த்துவிட்டது. இன்னொரு காரணம் வலை. மியான்மரின் மொட்டமா வளைகுடாவில் கறிக்காக உள்ளான் பிடிப்பவர்கள் விரித்த வலையில் இதுவும் சேர்ந்து மாட்டியது. இதைக் குறிவைத்து யாரும் விரிக்கவில்லை. 30 கிராமில் என்ன கறி கிடைக்கும்? ஆனால் வலைக்கு ஆள் தெரியாதே. அங்கே பறவைப் பாதுகாப்பில் இருந்தவர்கள் பிடித்தவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவர்கள் ஏழைகள் என்று தெரிந்து, மீன்பிடிச் சாமான்கள் வாங்கவும் ஆடு மாடு வளர்க்கவும் உதவினார்கள். பலர் வலையைச் சுருட்டி வைத்தார்கள்.

சரி, மியான்மர் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பக்கத்திலும் சிலர் உள்ளானுக்குக் கண்ணி வைப்பதாகப் பிள்ளைகளே வகுப்பில் சொன்னார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பது உங்களுக்கும் தெரியும். சட்டத்தை விடுங்கள். கண்ணி வைக்காதீர்கள், உள்ளான் கறி விற்க வந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லையென்றால் பிடிக்கவும் ஆள் இருக்காது.

அப்புறம், உப்பளத்தில் வேலை பார்க்கும் பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பாத்தியில், எந்த நேரத்தில் உள்ளான் கூட்டமாக இறங்கும் என்று புத்தகத்தைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். முடிந்தவர்கள் எங்களோடு வந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வண்டியில் இடம் இருக்கிறது.

பிள்ளைகளுக்குத் தண்ணீர், காலைப் பலகாரம், தொப்பி கொடுத்தனுப்புங்கள். பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம். இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்